சாய்ந்து ஓடுவதா, நிமிர்ந்து ஓடுவதா?

கேள்வி: ஐயா, எனக்கு 32 வயது, உயரம் 5 அடி 4 அங்குலம். கொக்குவிலில் இருந்து சாவகச்சேரிக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். இப்போது ஓடுவது பழைய 100 சீசீ பைக். மனைவியின் ஊர் திருகோணமலை. வருடத்தில் நாலைந்து தரம் பஸ்ஸில் போகிறோம். இனி இருவரும் பைக்கிலேயே போகலாம் என்று யோசனை. ஒருமுறையாவது நுவரெலியாவுக்கும் ஓடிப் பார்க்கவேண்டும். பழைய பைக்கை விற்கிற காசோடு சேர்த்துக் கையில் 8 இலட்சம் இருக்கிறது. லீசிங் எடுக்க விருப்பமில்லை. பள்ளிக்கூடக் காலத்தில் இருந்தே, கால் நீட்டிச் சாய்ந்து இருந்து ஓடும் குரூசர் பைக்கில் எனக்கு ஆசை. தெரிந்தவர் ஒருவர் தன் அவெஞ்சர் 220ஐ ஆறரை இலட்சத்துக்குத் தருவதாகச் சொல்கிறார். நண்பர்களோ தூரப் பயணத்துக்கு நிமிர்ந்து இருந்து ஓடும் ரூரிங் பைக்தான் சரி, கொஞ்சம் பொறுத்துக் காசு சேர்த்து ஹிமாலயன் எடு என்கிறார்கள். இன்னொருவர் பழைய ஹோண்டா ஸ்ரீட் 400 குரூசர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது என்கிறார். எதை எடுப்பது?

பதில்:

தம்பி, உங்கள் உயரம், கையிலுள்ள காசு, போகிற தூரம் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். மனைவி என்ன நினைக்கிறார் என்று கடிதத்தில் எங்கும் காணவில்லை. சாவகச்சேரிக்குப் போய்வரும் நாற்பது கிலோமீற்றரை எந்தப் பைக்கிலும் ஓடலாம், அதில் பிரச்சினையே இல்லை. திருகோணமலை அப்படியல்ல. வவுனியா வரை 140, அங்கிருந்து ஹொரவப்பொத்தானை வழியாக இன்னும் ஏறக்குறைய 95 கிலோமீற்றர். அந்த 235 கிலோமீற்றரும் உங்களுக்கு ஹான்டில், கியர், எதிரே வரும் பஸ் என்று ஏதாவது வேலை இருக்கும். குழி வரப்போவதும் உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். பின்னால் இருப்பவருக்கு அது விழுந்த பிறகுதான் தெரியும். இந்தப் பைக்கைத் தெரிவு செய்யவேண்டியவர் அவர்தான் என்பது என் அபிப்பிராயம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் எஞ்சின் கதையை முடித்துவிடுவோம். தூரம் போகப் பெரிய எஞ்சின் வேண்டும் என்று உங்கள் நண்பர்கள் சொல்வது வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து வந்த எண்ணமாக இருக்கவேண்டும். எங்கள் நாட்டில் அதிவேகப் பாதைகளில் மோட்டார் சைக்கிளை ஏறவே விடுவதில்லை. மற்ற வீதிகளில் சட்டப்படி ஊருக்குள் 50, ஊருக்கு வெளியே 70. கண்டி வீதியில் மாங்குளம் தாண்டினால் வீதி நேராகக் கிடக்கும், 100 போகலாம் போலத்தான் இருக்கும். பொலிஸாரும் அங்கேதான் மெஷினோடு நிற்பார்கள். நல்ல நிலையில் உள்ள ஒரு 150 சீசீ எஞ்சின் இரண்டு பேரையும் ஒரு பெட்டியையும் ஏற்றிக்கொண்டு 65, 70இல் முனகாமல் ஓடும். நுவரெலியா 1,800 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. ரம்பொடைப் பக்கம் ஏறும்போது கியரைக் குறைத்துக்கொண்டு ஆறுதலாக ஏறவேண்டியதுதான். வருடத்தில் ஒரு நாள் ஏறும் மலைக்காக மற்ற நாளெல்லாம் 200 கிலோ பைக்கை உருட்டத் தேவையில்லை.

பெற்றோல் செலவைப் பற்றியும் எல்லாரும் அளவுக்கு மிஞ்சிப் பயப்படுகிறார்கள். அவெஞ்சர் லீற்றருக்கு 35, ஒரு 150 சீசீ 45 என்று வைத்தால், உங்கள் வேலைப் பயணத்துக்கு மாதம் ஐந்தாறு லீற்றர்தான் வித்தியாசம். 2022இல் பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்து மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று தொடங்கியபோது பெரிய எஞ்சின்காரர் பட்ட பாட்டைப் பார்த்த பயம் இன்னும் ஊரில் இருக்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் குரூசரா ரூரிங்கா என்ற கேள்விக்கு விடை பெற்றோல் தாங்கிக்குள் இல்லை.

விடை நீங்கள் இருக்கிற விதத்தில் இருக்கிறது. குரூசரில் சீற் தாழ்வு, ஹான்டில் உங்களை நோக்கி வளைந்து வரும், கால் மிதி முன்னுக்கு இருக்கும். அவெஞ்சர் 220இன் சீற் உயரம் 737 மில்லிமீற்றர். உங்கள் உயரத்துக்கு இரண்டு பாதமும் முழுதாக நிலத்தில் பதியும். கஸ்தூரியார் வீதியில் நின்று நின்று போகும்போது, அதுவும் பின்னால் ஆள் இருக்கும்போது, அது பெரிய நிம்மதி. சோளகம் வீசும் மாதங்களில் ஆனையிறவைத் தாண்டிப் பாருங்கள், பண்ணைப் பாலத்தில் போய்ப் பாருங்கள். உயரமான பைக்கைக் காற்று பக்கவாட்டில் தள்ளும்போது குரூசர் தாழ்வாக, நீளமாக இருப்பதால் அசையாமல் போகும். இதெல்லாம் உண்மையான நன்மைகள். உங்கள் ஆசை வெறும் ஷோவுக்கு என்று யாராவது சொன்னால் காதில் போடவேண்டாம்.

கெட்டது என்னவென்றால், கால் முன்னுக்கு இருப்பதால் குழி வரும்போது நீங்கள் எழும்ப முடியாது. சாதாரண பைக்கில் கால் மிதி உங்களுக்கு நேர் கீழே இருக்கிறது. ஒரு குழியைக் கண்டதும் நீங்கள் யோசிக்காமலே மிதியில் ஊன்றி இரண்டு விரற்கடை எழும்பிவிடுவீர்கள். அடியை முழங்கால் வாங்கிக்கொள்ளும். குரூசரில் உடம்புப் பாரம் முழுவதும் இடுப்பிலேயே இருக்கிறது, அடியும் நேரே முதுகெலும்புக்குப் போகிறது. சாய்மனைக் கதிரையில் மத்தியானம் முழுக்கப் படுத்திருக்கலாம். அதே கதிரையை லாண்ட்மாஸ்டர் பெட்டியில் ஏற்றி, ஆளையும் இருத்தி ஒழுங்கைக்குள் விட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பின்சீற்றுக்கு வருவோம். குரூசரில் அது பின் சில்லுக்கு அநேகமாக நேர் மேலே இருக்கிறது. பின் ஷொக் மேலும் கீழும் போகிற தூரமும் குறைவு. அவெஞ்சரின் குரூஸ் மொடலில் முதுகுச்சாய்வு ஒன்று தருகிறார்கள், அது நல்ல விஷயம்தான். காப்பெட் போட்ட வீதியில் பின்னால் இருப்பவர் உங்களைவிட வசதியாக இருப்பார். வீதி கெட்டுப்போனால் அதே சாய்வு முதுகில் இடிக்கும். மனைவி சேலையோடு பக்கவாட்டில் இருந்து பழகியவர் என்றால் முதுகுச்சாய்வு இடைஞ்சல், சீற்றும் படி வைத்து இறக்கியிருப்பதால் வழுக்கும். எப்படியும் திருகோணமலை வரை பக்கவாட்டில் இருந்து போகும் யோசனையை விட்டுவிடுங்கள். சுடிதாரோ காற்சட்டையோ போட்டு இரண்டு பக்கமும் கால் போட்டு இருக்கட்டும்.

ஆகையால் விலை பேச முன்னர் ஒரு வேலை செய்யுங்கள். அவெஞ்சர்காரர் தெரிந்தவர்தானே, ஒரு ஞாயிறு அரை நாளைக்குப் பைக்கைக் கேளுங்கள். இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பெற்றோல் அடித்துக் கொடுப்பதாகச் சொல்லுங்கள். மனைவியையும், திருகோணமலைக்குக் கொண்டுபோகிற அதே பையையும் ஏற்றிக்கொண்டு முறிகண்டிக்குப் போங்கள். பிள்ளையாருக்குத் தேங்காய் அடித்து, கச்சான் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். வரும்போது பளைக்குக் கிட்ட எங்காவது இறங்கி உள்வீதியிலும் கொஞ்சத் தூரம் ஓடுங்கள். போகும்போது ஒன்றும் தெரியாது, புதுப் பைக் என்ற சந்தோஷம் எல்லாவற்றையும் மறைத்துவிடும். திரும்பி வரும்போது கொடிகாமம் தாண்டியதும் மனைவியிடம் கேளுங்கள். அந்த நேரத்தில் அவர் சொல்வதுதான் என் ஆலோசனை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் அவெஞ்சரை மறந்துவிடுங்கள். "பரவாயில்லை, இன்னும் கொஞ்சத் தூரம் போகலாம்" என்றால் தயங்காமல் எடுங்கள். தனியாக ஓடுகிறவராக இருந்தால் இந்தப் பரீட்சை ஒன்றும் வைக்காமல் அவெஞ்சரைத்தான் எடுக்கச் சொல்லியிருப்பேன்.

என் ஊகத்தைக் கேட்டால், பரீட்சை தோற்கும். அப்படித் தோற்றால் என்ன செய்வது?

ஹிமாலயனுக்காகப் பொறுத்திருக்கவேண்டாம். 411 சீசீ ஹிமாலயன் அருமையான வண்டி, நீண்ட ஷொக், 15 லீற்றர் தாங்கி. ஆனால் எடை 200 கிலோவுக்குக் கிட்ட, சீற் உயரம் 800. உங்கள் உயரத்துக்குப் பின்னால் ஆளும் பெட்டியும் இருக்க, மணல் வழியில் ஒரு பக்கம் சரிந்தால் பிடித்து நிறுத்த முடியாது. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 இலேசானது என்று யாராவது அடுத்து வந்து சொல்வார்கள். அதன் சீற் 823. காலை எட்டி எட்டி வைக்கவேண்டும். அதோடு ஹிமாலயன் காசு சேர்த்து முடிக்கும்போது விலை எங்கே நிற்கும் என்று யார் கண்டது? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல் மறுபடி திறக்கும் வரை பழைய பைக்குகளின் விலை ஏறிய ஏற்றத்தை எல்லாரும் பார்த்தோம்.

8 இலட்சத்துக்குள் ரூரிங் என்றால், நன்றாகப் பராமரித்த 150 அல்லது 160 சீசீ பைக் ஒன்றை வாங்கி அதை ரூரிங்குக்கு ஆயத்தப்படுத்துவதுதான் வழி. எஃப்இசட், ஜிக்ஸர், ஹோர்னட், பல்சர் 150 எதுவும் சரி. இவற்றின் சீற் உயரம் 790 அளவில் இருக்கும், முன்பாதம் இரண்டும் நிலத்தில் படும், எடையும் குறைவு. பின்னால் இருப்பவருக்காக என்றால் நான் பல்சர் 150இன் நீளமான ஒற்றைச் சீற் மொடலைத்தான் முதலில் காட்டுவேன். பின்பாதி மேலே தூக்கி நிற்கிற பிளந்த சீற் பார்க்க வடிவு, இருக்க அவதி. பல்சரைக் கண்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் மல்லாவியில் நின்றுவிட்டாலும் அதற்குச் சாமான் கிடைக்கும், கை வைக்க மெக்கானிக்கும் கிடைப்பார்.

பைக்குக்கு 6 இலட்சத்துக்கு மேல் போகாதீர்கள். மிச்ச 2 இலட்சமும் செலவாகும், நம்புங்கள். இரண்டு ரயர், செயின் செற், பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், பின்னால் ராக், பெட்டி, இருவருக்கும் எஸ்எல்எஸ் முத்திரையுள்ள முழு முக ஹெல்மெட். பின்னால் இருப்பவருக்குத் தொப்பி போலச் சின்ன ஹெல்மெட் வாங்கிக் கொடுக்கிற பழக்கம் எங்கள் ஊரில் இருக்கிறதே, அதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும்.

வாங்கிய பிறகு காசே செலவில்லாமல் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு, பத்தில் ஒன்பது பேர் செய்வதில்லை. பின் ஷொக்கின் அடியில் படி படியாக வெட்டிய ஒரு வளையம் இருக்கும். பைக்கோடு வரும் ஆயுதப் பையில் கொக்கி போல வளைந்த ஸ்பனர் ஒன்று கிடக்கும். அது இந்த வளையத்தைத் திருப்பத்தான். இருவர் பெட்டியோடு போகும்போது இரண்டு படி இறுக்குங்கள். இறுக்காமல் விட்டால் ஷொக் ஏற்கெனவே அரைவாசி அமுங்கி நிற்கும், குழியில் விழுந்ததும் மிச்சமும் போய் அடியில் இடிக்கும். "பின்னால் இருக்க ஏலாது" என்று சொல்லிக் கராஜுக்கு வருகிற பைக்குகளில் நான் முதலில் பார்ப்பது இந்த வளையத்தைத்தான். அப்புறம் காற்று. பல்சர் 150இன் பின் ரயருக்குத் தனியாக 28 பிஎஸ்ஐ, இருவராக 32. மற்றப் பைக்குகளுக்கு உரிய அளவு பைக்கில் ஒட்டியிருக்கும் ஸ்ரிக்கரில் இருக்கும். பயணம் தொடங்கும் காலையில், ரயர் சூடாக முன்னர் அடியுங்கள். சீற்றுக்குள் இருக்கும் ஸ்பொஞ் பழையதென்றால் குஷன் வேலை செய்பவரிடம் கொடுத்துக் கட்டியான ஸ்பொஞ் போடுவியுங்கள். மெத்தென்று இருந்தால் நல்லது என்று நினைப்பார்கள். மெத்தென்றது ஒரு மணித்தியாலத்தில் அமுங்கிப் பலகையாகிவிடும். பின் பெட்டிக்குள் உடுப்பு மட்டும் போதும். பாரமான சாமானைப் பக்கப் பைகளில் அடியில் வையுங்கள், இல்லாவிட்டால் முன் ஹான்டில் இலேசாகி ஆடும்.

பரீட்சையில் அவெஞ்சர் தேறினால் இந்த வேலைகள் அதற்கும் பொருந்தும். ஆனால் ஆறரைக்கு வாங்கவேண்டாம், குறைத்துக் கேளுங்கள், ஏனென்றால் கையில் ஒன்றரைதான் மிஞ்சும். அந்தப் பைக்கைப் பார்க்கப் போவதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் வரும்வரை ஸ்ராட் பண்ணவேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள், குளிராக இருக்கவேண்டும். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். ஸ்ராட் ஆகி முதல் நிமிடத்துக்குப் பிறகும் நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது. 220 எஞ்சினுக்கு முன்னால் சின்ன ஒயில் கூலர் இருக்கும், அதன் குழாய் மூட்டுகளில் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். தாங்கி மூடியைத் திறந்து ரோச் அடித்து உள்ளே துரு பாருங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பைக்கை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹான்டில் கழுத்தில் "டொக்" என்று கேட்டால் பேரிங் போய்விட்டது.

குரூசருக்கென்றே இரண்டு விஷயம் கூடுதலாகப் பார்க்கவேண்டும். ஒன்று, குரோம். எங்கள் கடல் காற்றும், சுண்ணாம்பு கலந்த கிணற்றுத் தண்ணீரில் கழுவிக் காயவிடுவதும் குரோமைத் தின்றுவிடும். கம்பிச் சில்லு என்றால் கம்பியும் வளையமும் சேரும் இடத்தில் ஒவ்வொன்றாகப் பாருங்கள், பொலிஷ் போட்டு மறைத்த துரு அங்கே மட்டும் தெரியும். கம்பிச் சில்லுக்கு ரியூப் இருக்கும், காற்றுப் போனால் வீதியோரத்தில் சில்லையே கழற்றவேண்டும் என்பதையும் மனதில் வைத்திருங்கள். மற்றது, பின் ரயர். அவெஞ்சரின் பின் சில்லு 15 அங்குலம். 17, 18 அங்குல ரயர் எங்கும் தொங்கும். 15 கேட்டால் "எடுத்துத் தரலாம்" என்பார்கள். தேய்ந்திருந்தால் விலையில் அதைக் குறையுங்கள். ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 3219 என்றால் 2019ஆம் ஆண்டு 32ஆவது கிழமை செய்தது. பூ நல்லா இருக்கிறது என்று காட்டுவார்கள், வயதைப் பாருங்கள்.

எந்தப் பைக் என்றாலும் உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 100 சீசீ வரைதான் ஏ1. அதற்கு மேல் ஓட ஏ இருக்கவேண்டும். நீங்கள் இதுவரை 100ஐ ஓடியவர் என்பதால் சொல்கிறேன். விபத்து ஒன்று நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அதைத்தான். திருகோணமலையில் இருந்து திரும்பும் நாளில் இருட்ட முன்னர் வவுனியாவைத் தாண்டியிருங்கள், முடியாவிட்டால் அங்கேயே தங்குங்கள். கண்டி வீதியில் இரவில் கட்டாக்காலி மாடுகள் படுத்திருக்கும். கறுப்பு மாடு கறுப்பு வீதியில் எந்த லைற்றுக்கும் தெரியாது.

கடைசியாக ஸ்ரீட் 400. சத்தம் கேட்டாலே மனம் இளகும், மறுக்கவில்லை. ஆனால் அது 80களின் கடைசியில் யப்பானில் வரத் தொடங்கிய வண்டி. உங்களிடம் வருவது எத்தனை கை மாறி வருகிறதோ. தண்ணீரால் குளிரூட்டும் வி எஞ்சின். இங்கே முன்னைய சொந்தக்காரர்களில் ஒருவராவது கூலன்ற்றுக்குப் பதில் கிணற்றுத் தண்ணீர் விட்டிருப்பார். கேத்தலுக்குள் படிகிற அதே வெள்ளைக் கல் ரேடியேற்றருக்குள்ளும் படிந்து, காண்டாவன வெயிலில் நாவற்குழி தாண்ட முன்னரே சூடு ஏறும். சாமானுக்குக் கொழும்புக்கு ஆள் அனுப்பவேண்டும். இதையெல்லாம் காசு கொடுத்துத் திருத்தலாம். திருத்த முடியாதது ஆவணம். உதிரிப்பாகமாக வந்து இங்கே பூட்டி, வேறொரு பழைய பைக்கின் பதிவுப் புத்தகத்தில் ஓடும் பெரிய பைக்குகள் நாட்டில் நிறைய உண்டு. பொலிஸ் சாசி நம்பரைத் துடைத்துப் பார்க்கும் நாளில் நட்டம் கடைசியாக வாங்கியவருக்குத்தான். உங்கள் முதல் பெரிய பைக் அதுவாக இருக்கவேண்டாம்.

அவெஞ்சரோ பல்சரோ, கழுத்தில் உள்ள சாசி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் புத்தகத்தோடு நீங்களே ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். அதில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கொம்பனியின் பெயர் இருந்தால் அது நீங்கும் வரை முற்பணம்கூடக் கொடுக்கவேண்டாம். தெரிந்தவர் என்றாலும் கடைசி ஐம்பதாயிரத்தைப் புத்தகம் உங்கள் பெயருக்கு மாறிய அன்றைக்குக் கொடுங்கள்.